வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர்கள்

(பழைய மாணவன், பி.ஏ. வரலாறு, 1981–84)

மலர்க் குழுவினர் போன் செய்து, "சார், பழைய நினைவுகள் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், சுவர் ஏறிக் குதித்து செகண்ட் ஷோவுக்குப் போனதைப் பற்றியும் எனக்கு முன்னாலேயே நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சுவர் ஏறியவர்களில் நானும் உண்டு, ஆனால் எல்லோரும் ஒரே சுவரைப் பற்றி எழுதினால் மலர் தாங்காது. அதனால் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்திப் பிழைத்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் வரலாறு எழுதுகிறேன். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், வருகைப் பதிவு கிடையாது.

திருச்சியில் படித்த நமக்குக் கொட்டப்பட்டு முகாம் புதிதல்ல. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் காலத்தில் அதைச் 'சிலோன் கேம்ப்' என்றோம், பிறகு 'அகதி முகாம்' என்றோம், இப்போது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று போர்டு இருக்கிறது. போர்டு மாறிய அளவுக்கு உள்ளே இருக்கிறவர்களின் நிலைமை மாறியதா என்பது வேறு கேள்வி. எனக்கு அந்தப் பெயர்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

"வந்தாரை வாழ வைக்கும் தமிழகம்" என்று மேடைதோறும் பேசுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற எண்பது வருஷக் கதையைப் புரட்டிப் பார்த்தால், யாரை எப்படி வரவேற்றோம் என்பதை வந்தவர்கள் பட்ட கஷ்டம் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. வந்த நேரத்தில் அவர்களுக்கு நாம் வைத்த பெயர் தீர்மானித்திருக்கிறது. ஒரே குடும்பத்து ஆட்கள் ஒரு பெயரில் வந்தபோது மாலை விழுந்தது, இன்னொரு பெயரில் வந்தபோது கதவு சாத்தப்பட்டது. இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது நம் சங்கத்தின் பாரம் ஒன்றைப் பற்றியது, கடைசியில் வருகிறேன்.

முதலில் பர்மா. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்து ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்தான். பர்மா என்றதும் நமக்கு வட்டிக்கடை வைத்த செட்டியார்களும் தேக்கு மரமும்தான் ஞாபகம் வரும். நெல் அறுத்தவர், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர் என்று கூலிக்குப் போனவர்கள்தான் அவர்களில் அதிகம். 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச் 8இல் நகரமே விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள், நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கு, அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அந்த நடையிலும் வெள்ளைக்காரருக்கு நல்ல பாதை, இந்தியருக்கு மோசமான பாதை என்று பிரித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

வந்து சேர்ந்தவர்கள் சொந்த ஊருக்குப் போனார்கள், உறவுக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தார்கள். யுத்த காலம், ஊரில் இருப்பவனுக்கே அரிசி இல்லை. பலர் யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது அலை 1960களில். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடை கண்ணிகளை அரசுடைமையாக்கினார்கள், மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு தலைமுறை சேர்த்த காசு ஒரு ராத்திரியில் காகிதமானது. இந்த முறை தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். அரசு ஏட்டில் அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தெருவில் 'பர்மா அகதி'. இரண்டு பெயருக்கும் நடுவில்தான் அவர்கள் வாழ்க்கை. சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே 1969இல் பர்மா பஜாருக்கு இடம் கொடுத்தார்கள். பர்மா காலனி என்ற பெயரில் பல ஊர்களில் குடியிருப்புகள் எழுந்தன. இன்றைக்கு அத்தோவும் மொய்ங்காவும் நம் பையன்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிற பண்டங்கள். சாப்பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு சமைத்தவருக்குக் கிடைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்தக் 'கொஞ்ச காலம்' எப்படி இருந்தது என்பதற்கு மோரே என்ற ஊர் சாட்சி. மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கிறது. இங்கே காலூன்ற முடியாமல், பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தரை வழியாகக் கிளம்பிய தமிழர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். துரத்திய நாட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால், வரவேற்ற ஊரைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இனிச் சிலோன். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மண்டபம் போன மாணவர்களுக்குத் தெரியும், 'மண்டபம் கேம்ப்' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இந்தக் கேம்ப் அகதிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காகச் சில நாள் அடைத்து வைத்து, பரிசோதித்து அனுப்புவதற்காகச் சிலோன் அரசாங்கம் நடத்திய முகாம் அது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலிருந்து, பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கிளம்பிய சனங்கள் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். கண்டிச் சீமையின் தேயிலை அவர்கள் கையால் வளர்ந்தது.

சிலோன் 1948 பிப்ரவரியில் சுதந்திரம் அடைந்தது. அந்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1947 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய சனங்களுக்கு இந்தக் கதி. அவர்களை என்ன செய்வது என்று இரண்டு அரசாங்கமும் பதினாறு வருஷம் பேசிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். சாமான் பங்கு பிரிக்கிற மாதிரி மனுஷர்களைப் பிரித்த ஒப்பந்தம் இது. பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பில் இந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பழைய மாணவர்கள் மன்னிக்க.

(ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் அதற்கப்புறம் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. போன பாதையும் இல்லை, வந்தது வேறு பாதை.)

ஒப்பந்தம் நடைமுறைக்கு வர மேலும் சில வருஷங்கள் ஆயின. அதன்படி வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். இவர்கள் இந்தியக் குடிமக்கள், கையில் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள். அரசு வேலைத் திட்டம் இருந்தது, வியாபாரக் கடன் இருந்தது, நூற்பாலைகளில் இடம் இருந்தது. நீலகிரியில் இவர்களுக்காகவே 1968இல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. ஏட்டில் பார்த்தால் இதைவிட நல்ல வரவேற்பு எந்த நாட்டிலும் கிடையாது.

ஊரில் நடந்தது வேறு. எம்.பில். ஆய்வுக்காகக் கொட்டப்பட்டுக்கும் பிறகு கூடலூர், கோத்தகிரிப் பக்கமும் நான் அலைந்திருக்கிறேன். பாட்டன் விட்டுப்போன கிராமத்தைத் தேடிப் போனவர்கள் பலர் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் போனவனின் பேரன் வந்து நிற்கிறான். உறவுக்காரனுக்கு அவன் கேட்கக்கூடிய நிலப் பங்குதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஊர்க்காரனுக்கு அவன் சாதி தெரிகிறது. அங்கே லயத்தில் இருந்தாலும் செருப்புப் போட்டு நடந்தவன், இங்கே கழற்றி வை என்றால் கழற்றுவானா? வந்த மூன்றாம் மாதமே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டோம் என்றார் ஒருவர். கொழுந்து பறிக்கிறவளுக்கு மளிகைக் கடை வைக்கக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? கடன் முதலில் புரோக்கருக்குப் போனது, மிச்சம் வயிற்றுக்குப் போனது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூப்புகளில் கொத்தடிமையாகச் சிக்கிய தாயகம் திரும்பியோரை 1980களில் கண்டுபிடித்து மீட்க வேண்டியிருந்தது. இந்தியக் குடிமக்கள், இந்தியாவில்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டி என்னிடம் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "அங்கிட்டு இருந்தப்ப எங்களை இந்தியாக்காரின்னாங்க. இங்கிட்டு வந்தா சிலோன்காரிங்கறாங்க. கப்பல்ல வந்த ஒரு பகல் மட்டுந்தான் தம்பி, எங்களை யாரும் ஒண்ணும் சொல்லல." நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் ஆய்வேட்டில் நூற்றி எத்தனையோ பக்கம் இருந்தது, அந்தப் பாட்டி அதை மூணு வரியில் முடித்துவிட்டார்.

இப்போது 1983க்கு வருவோம். நம் அணிக்கு இது படித்த வரலாறு இல்லை, பார்த்த வரலாறு.

ஜூலை 23 ராத்திரி யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாளே கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் இரண்டு தடவையாக 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். நாம் மூன்றாம் வருஷம். வகுப்பு எங்கே நடந்தது? காலையில் கூடினால் ஊர்வலம், மாலையில் கூடினால் உண்டியல். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தகர டப்பாவைக் குலுக்கினால் பூக்காரம்மா கூட எட்டணா போடுவார். மெஸ்ஸில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்து அந்தக் காசை நிவாரண நிதிக்கு அனுப்பினோம். மெஸ் மாஸ்டர் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, சங்கம், மன்றம் எல்லோரும் போட்டி போட்டு ஈழத் தமிழருக்காகப் பேசினார்கள். ராமேஸ்வரம் கரையில் படகு வந்தால் மீனவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். 1983 ஜூலையிலிருந்து 1987 ஜூலை வரை வந்தவர்கள் 1,34,053 பேர் என்று அரசுக் கணக்கு.

1984இல் அரசு தொழிற்கல்லூரிகளில் ஈழத்து மாணவர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கியது. கலைக் கல்லூரிகளிலும் சேர்த்துக்கொண்டார்கள். நான் பட்டமேற்படிப்பு சேர்ந்த வருஷம் ஹாஸ்டலில் பக்கத்து அறைக்கு யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவர் வந்தார். முதல் நாள் மெஸ்ஸில் இடியாப்பத்தைப் பார்த்துவிட்டு "சொதி இல்லையோ?" என்று கேட்டார். மாஸ்டர் முழித்தார். திருநெல்வேலிக்காரரான என் ரூம்மேட் எழுந்து, "ஏன், சொதி எங்க ஊர்ச் சாப்பாடுலா!" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அன்றையிலிருந்து இருவரும் நண்பர்கள். அவர் "கதைப்பம்" என்றால் நாமும் "கதைப்பம்" என்போம். அவருக்கு வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர் வரை தனி மரியாதை.

அதே வருஷங்களில் கொட்டப்பட்டில் ஒப்பந்தப்படி வந்த மலையகத்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் பார்த்து யாரும் தகர டப்பா குலுக்கவில்லை. குடிமகனுக்கு அனுதாபம் தேவையில்லை என்று நினைத்தோமோ என்னவோ. 'போராளி இனம்' என்ற பெயர் யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது, 'கூலி' என்ற பெயர் மலையகத்தவருக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்து, 1983க்குப் பிறகு அங்கிருந்தும் விரட்டப்பட்டுப் படகேறியவர்களில் மலையகத்தவர் ஏராளம். சாஸ்திரி–சிறிமாவோ கணக்கில் விட்டுப்போனவர்கள் அகதிக் கணக்கில் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் முகாம்களில் இருப்பவர்களில் சுமார் 29,500 பேர் இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் என்று சொல்லப்படுகிறது. அண்ணன் பாஸ்போர்ட்டோடு வந்ததால் குடிமகன், தம்பி படகில் வந்ததால் அந்நியன். ஒரே தாத்தா.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1987 ஜூலை 29 ஒப்பந்தம், அமைதிப்படை, அதனோடு சண்டை. 1989க்குப் பிறகு மறுபடியும் ஒரு லட்சத்துக்கு மேல் அகதிகள். 1990 ஜூன் 19இல் சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போதே காற்று மாற ஆரம்பித்தது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதற்குப் பிறகு காற்று ஒரே அடியாகத் திரும்பியது.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவரையும் பக்கத்தில் நின்ற அப்பாவிகளையும் கொன்றதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? ஆனால் கோபம் யார் மீது இறங்கியது என்பதுதான் கேள்வி. கொன்றவர்களிடமிருந்து தப்பி வந்தவர்களும் முகாமில் இருந்தார்கள். அன்றிரவு வரை 'தொப்புள்கொடி உறவு', மறுநாள் காலை 'புலி'. போலீஸில் பதியாதவன் எல்லாம் சந்தேகத்துக்குரியவன். சிலோன் பேச்சு கேட்டால் வீட்டை காலி செய்யச் சொன்னார்கள். தொழிற்கல்லூரி ஒதுக்கீடு போனது, கல்லூரிப் படிப்புக்கே கதவு மூடியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் போகக் கூடாது என்றார்கள்.

நான் அப்போது வேறொரு ஊரில் புது லெக்சரர். அட்மிஷன் சமயத்தில் என் மேஜைக்கு முன்னால் ஒரு பையன், பிளஸ் டூவில் வரலாற்றில் நூற்று எண்பதுக்கு மேல். அப்படிப்பட்ட மாணவன் வரலாற்று வகுப்புக்கு வருவது வானத்தில் வால்நட்சத்திரம் தெரிவது மாதிரி. முகவரியில் முகாம் பெயரைப் பார்த்ததும் ஆபீஸில் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். 'மேலிடத்து உத்தரவு' என்றார்கள், உத்தரவைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. பையன் சண்டை போடவில்லை. "பரவாயில்லை சேர், பெயின்ட் வேலைக்குப் போறன்" என்றான். முகாம் ஆண்கள் தமிழ்நாடு முழுக்கச் சுவருக்கு வர்ணம் அடிப்பது இப்படித்தான் வழக்கமானது. நம் வீடுகளில் பலவற்றுக்கு வெள்ளையும் வர்ணமும் அடித்த கைகளில் டிகிரி வாங்கியிருக்க வேண்டிய கைகள் எத்தனையோ.

1992 ஜனவரி 20இல் அகதிகளைத் திருப்பி அனுப்புவது ஆரம்பித்தது. 1995 மார்ச் வரை சுமார் 54,000 பேர் போனார்கள். 'விருப்பத்தின் பேரில்' என்று அரசு சொன்னது. கட்டாயம் என்று பழ.நெடுமாறன் போன்றவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர் மனதாரத்தான் போகிறாரா என்று கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. இந்தியா 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடு இல்லை. அகதிக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் கிடையாது. சட்டம் இல்லாத இடத்தில் அன்றைய மனநிலைதான் சட்டம். மனசு இளகினால் சீட்டு, இறுகினால் கேட்டு. 1983இன் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை, நானே டப்பா குலுக்கியவன். அந்த அன்பை எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்காமல் விட்டோம். அதனால் எட்டே வருஷத்தில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

1990களின் நடுவில் கல்விக் கதவு மெல்லத் திறந்தது. இதற்கு முக்கிய காரணம் அகதிகளே. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் (தந்தை செல்வாவின் மகன்) தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதையே முழு மூச்சாக வைத்துக்கொண்டது. பகலில் சுவருக்கு வர்ணம் அடித்தவர்கள் ராத்திரியில் முகாம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தார்கள். 2004 சுனாமியின்போது இந்தக் கழகத்தின் தொண்டர்கள் நம் கடற்கரை ஊர்களுக்கு உதவிக்கு வந்தார்கள். வந்தாரை வாழ வைத்தது யார் என்று அப்போது யாரும் மேடையில் கேட்கவில்லை.

அண்மைக் காலம்: 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள்தான் உண்டு, இலங்கை இல்லை. அதே வருஷம் ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில், இவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. புது வீடுகள், மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவருக்கு 500. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் அப்போதுதான் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. அந்தச் சமயத்தில் முகாம்களில் சுமார் 58,000 பேர், வெளியில் பதிந்து வாழ்பவர் சுமார் 34,000 பேர். 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் பால்மாவும் எரிவாயுவும் இல்லாமல் போனபோது, மறுபடியும் படகுகள் வந்தன. தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதே மண்டபம் முகாமில்தான். நீலகிரியிலோ, டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று 2022இல் முடிவானபோது, வேலை ஓய்ந்த கிழவர்களும் கிழவிகளும் லைன் வீட்டை விட்டு எங்கே போவது என்று கேட்டார்கள். 'தாயகம் திரும்பி' ஐம்பது வருஷம் கழித்து.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்படியானால் 1983க்கும் 1987க்கும் இடையில் மண்டபத்தில் பிறந்த குழந்தை? அது முகாமில் பிறந்ததால் அகதி என்றே முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேட்டில் எழுதி வந்தோம். வழக்குப் போட்டு நிலைநாட்டிய பிறகுதான் அப்படிப்பட்ட ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட முடிந்தது. அது பத்திரிகையில் செய்தியாக வந்தது. குடிமகன் ஓட்டுப் போட்டது செய்தி.

இனி அந்தப் பாரம். நம் சங்கம் வருஷா வருஷம் கொடுக்கும் கல்வி உதவித்தொகை நமக்கெல்லாம் பெருமை, அதில் சந்தேகமில்லை. விண்ணப்பத்தில் ஏழாவது கலம் 'இருப்பிடச் சான்றிதழ் இணைக்க', எட்டாவது கலம் 'சாதிச் சான்றிதழ் இணைக்க'. சென்ற வருஷம் முகாமிலிருந்து வந்து பி.காம். படிக்கும் ஒரு பெண் இந்த இரண்டும் இல்லாமல், முகாம் அடையாள அட்டையின் ஜெராக்ஸை வைத்து அனுப்பியிருக்கிறது. 'பூர்த்தி செய்யப்படவில்லை' என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. தாசில்தார் கொடுக்க முடியாத சான்றிதழை அந்தப் பிள்ளை எங்கிருந்து கொண்டு வரும்? அந்தப் பெண்ணின் அம்மா முகாமில் பிறந்தவர், அதுவும் முகாமில் பிறந்தது. இதற்கு மேலும் என்ன இருப்பிடச் சான்று வேண்டும்?

முகாம் மாணவர்களுக்கு அடையாள அட்டையும் முதல்வர் கையெழுத்தும் போதும் என்று விதியைத் திருத்தக் கோரி ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஒன்பது பேர் வேண்டும். பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பழைய செமினார் ஹாலில். இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம ஆட்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரிந்ததுதானே.